யாரைக் கேட்டு ஓடிற்று அந்த ஃபேன்?

அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிறைந்துவிட்டதா என்பதை அண்ணாச்சி ஒருவர்தான் சொல்லலாம். தொட்டி சொல்லக்கூடாது. தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க மாடியேறி, தொட்டி மூடியைத் தூக்கி, உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்பார். மாடி போர்ஷனில் குடியிருந்த எனக்கு அன்றாடம் கிடைத்த முதல் தரிசனம் அவருடைய முதுகுதான்.

“அண்ணாச்சி, ஒரு சென்சார மாட்டிட்டா இந்தப் பாடு வேண்டாம்லா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

தலையை வெளியே எடுத்தார். “அது ஏமாத்திட்டா யாரு பொறுப்பு தங்கச்சி? நீயா?”

தன் கையே தனக்கு உதவி என்பதை மற்றவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். அவர் அதைச் சட்டமாகச் சொல்வார். பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, அரிசி, மசாலா என்று சாமான் ஏற்றிக் கொடுப்பது தொழில். கடையில் ஆள்கள் இருந்தார்கள். ஆனாலும் கப்பலுக்குப் போகும் முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்குவது அவர் கைதான். கணக்குப்பிள்ளை பூட்டிய பூட்டை அவர் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். இழுத்துவிட்டு நாலடி நடந்தவர், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பாதி நாள் கடலில். அதனால் அண்ணாச்சியின் மனைவிதான் எனக்குத் துணை. மதினி என்றுதான் கூப்பிடுவேன். சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இதயத்து வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தார். உடம்பில் நீர் சேராமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பு சீராக இருக்க ஒன்று என்று வரிசையாக உண்டு. அவற்றை மதினி தானே எடுத்துப் போட முடியாது. அண்ணாச்சி தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அது வாய்க்குள் போய், தண்ணீரும் போகும்வரை முன்னால் நிற்பார்.

“இப்படி நின்னா எனக்குத் தொண்டையில இறங்குமா? போலீசு மாதிரி,” என்பார் மதினி.

“எறங்கட்டும், போறேன்.”

இது பாசமா அதிகாரமா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. சில நாள் பார்க்கப் பொறாமையாக இருக்கும். சில நாள் மூச்சுமுட்டும். எனக்கே அப்படி இருந்தால் மதினிக்கு எப்படி இருந்திருக்கும்?

அவரிடம் ஒரு பழைய டீசல் அம்பாசிடர் இருந்தது. அதன் மேல் அவருக்கு இருந்த பிரியத்துக்குக் காரணம் கேட்டால் முன்மூடியைத் திறந்து காட்டுவார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன் ஒரு பெல்ட்டால் எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

“எஞ்சின் சுத்துனா ஃபேன் சுத்தும். எஞ்சின் நின்னா இதுவும் நின்னுரும். தனியா ஒரு யோசன கெடையாது. புருசன் பொண்டாட்டி மாதிரி.”

“இதுல யாரு எஞ்சினு, யாரு ஃபேனு?” என்று மதினி கேட்டார்.

அண்ணாச்சி மூடியைச் சாத்தினார். மதினி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

வெயிலில் போகக்கூடாது, போனால் ஏசி வண்டியில் போங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புது கார் வந்தது. பெட்ரோல் வண்டி. அதில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்ததில்லை. அதற்கென்று தனி மின்மோட்டார். ரேடியேட்டர் தண்ணீர் சூடானால் ஓடும், ஆறினால் நிற்கும். எஞ்சினை அணைத்த பிறகுகூடச் சூடு மிச்சம் இருந்தால் சற்று நேரம் ஓடிவிட்டுத்தான் அடங்கும். வண்டி வாங்கிய புதிதில் வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் உள்ளே ‘உர்ர்’ என்று சத்தம் கேட்டால் அண்ணாச்சி முகம் மாறிவிடும். வீட்டுக்குள் போகமாட்டார். அது நிற்கும்வரை கூடவே நின்றுவிட்டுத்தான் வருவார்.

ஒருநாள் பகலில் கீழே அலறல் கேட்டு ஓடினேன். வண்டியின் முன்மூடி திறந்திருந்தது. அண்ணாச்சி இடது கையை வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி சிவந்திருந்தது. துறைமுகத்திலிருந்து வந்து வண்டியை அணைத்திருக்கிறார். அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, எங்கிருந்து என்று தடவிப் பார்க்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார். எஞ்சின் நின்றால் ஃபேனும் செத்தது என்று காலமெல்லாம் பழகிய கை அது. அந்த நேரம் பார்த்து அது ஓட ஆரம்பித்திருக்கிறது. நடுவிரல் நுனி நகத்தோடு போய்விட்டது.

நான் கட்டுப் போட்டேன். அவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. வலது கையிலிருந்த சாவியையே திரும்பத் திரும்பக் காட்டினார்.

“சாவி என் கையில இருக்கு தங்கச்சி. நான் அணைச்சிட்டேன். யாரக் கேட்டு ஓடிச்சு அது?”

அந்தக் கோபம் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு இயந்திரத்தின் மேல் வருகிற கோபம் போல இல்லை அது. வீட்டுக்குள்ளேயே ஒருவன் துரோகம் செய்துவிட்டது போலப் பேசினார்.

விரல் ஆறுவதற்கு முன்பே வண்டியை எட்டயபுரம் ரோட்டிலுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி என்று நானும் வண்டியில் இருந்தேன். தானாக ஓடுகிற வேலையே கூடாது, சூட்டுக்கும் ஃபேனுக்கும் உள்ள ஒயரை வெட்டிவிடு, எனக்கு உள்ளே ஒரு சுவிட்ச் வை, நான் போட்டால் ஓடட்டும், அணைத்தால் நிற்கட்டும் என்றார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, ஓட்டத்துல இருந்தா எதிர்காத்துலயே ஆறிக்கிரும். ஆனா டிராபிக்ல நிக்கும்போது ஃபேன் ஓடியே ஆகணும். ஏசி போட்டிருந்தா சொல்லவே வேண்டாம், அது குளுருறதும் இந்த ஃபேனாலதான். நீங்க மறந்துட்டா எஞ்சின் போயிரும்.”

“நான் மறப்பனா?”

“மனுசன்தானே அண்ணாச்சி…”

“ஏலே, நான் மறப்பனான்னு கேட்டேன்.”

மெக்கானிக் ஒயரை வெட்டினார். ஸ்டியரிங் பக்கம் இடம் இல்லாததால் சுவிட்ச் நடுவில், ரேடியோவுக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் பலமுறை போயிருக்கிறேன். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, கொற்கையில் ஒரு கல்யாணம் என்று. மதினி முன்சீட்டில், நான் பின்னால். மதினி ஓயாமல் பேசிக்கொண்டு வருவார். பேசும்போது அவர் கை சும்மா இருக்காது. ஏசியின் மூக்கைத் திருப்பும், கண்ணாடியைத் துடைக்கும், ரேடியோவைத் தட்டும். அண்ணாச்சி ரோட்டையும் சூட்டைக் காட்டும் முள்ளையும் மாறிமாறிப் பார்ப்பார். முள் நடுவைத் தாண்டியதே கிடையாது. ஒவ்வொரு பயணமும் முடியும்போது இறங்கி நின்று சொல்வார்: “பாத்தியா? ஒரு நாளு மறந்திருக்கனா? மெசினு செய்யிறத மனுசன் செய்ய முடியாதாம்!”

இனி அந்தச் சித்திரை மாதத்துப் பகலைச் சொல்ல வேண்டும்.

விளாத்திகுளத்துக்கும் குளத்தூருக்கும் நடுவில் மதினியின் தம்பி வீடு. அங்கே தம்பி மகளுக்குக் காதுகுத்து. என்னையும் வா என்று மதினி இழுத்துக்கொண்டு போனார். கறிச்சோறு சாப்பிட்டு முடித்து, பந்தலில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரம். மதினி மட்டும் ஒரு நாற்காலியின் கையைப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. கிட்டே போனேன். மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த இடம் குழியாக நின்றது.

“மதினி, காலையில நீர் மாத்திர போட்டீயளா?”

பின்னாலேயே அண்ணாச்சி குரல் வந்தது. “போட்டா. என் கையால கொடுத்தேன். நின்னு பாத்தேன்.”

மதினி என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை மெல்ல அவிழ்த்தார். அதற்குள் மாத்திரை இருந்தது. வேர்வையில் நனைந்து ஓரம் கரைந்திருந்தது.

“அதப் போட்டா நிமிசத்துக்கு நிமிசம் ஒண்ணுக்குப் போவணும்,” என்றார் மூச்சுக்கு நடுவில். “வழியில எங்கன எறங்க? விசேச வீட்டுல எத்தன தடவ கேக்க?”

பயணம் என்றால் நீர் மாத்திரையைத் தள்ளிவைக்கும் பெண்களை ஆஸ்பத்திரியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கு ரோட்டோரம் முழுக்கக் கழிப்பறை. பெண்களுக்கு அடக்கிக்கொள்ள ஒரு வயிறுதான் உண்டு. ஆனால் மதினியும் அதைச் செய்வார் என்று, அதுவும் அந்தக் காவலைத் தாண்டிச் செய்வார் என்று நான் எண்ணவில்லை. அண்ணாச்சி அந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “வண்டிய எடுக்கேன்,” என்றார்.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆக்சிஜனும் ஊசியும் வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும்.

“அண்ணாச்சி, நூத்தியெட்டக் கூப்பிடுவோம். அதுல ஆக்சிஜன் இருக்கும். இல்லன்னா விளாத்திகுளத்துக்குத் திருப்புங்க.”

“நூத்தியெட்டு எங்கன கெடக்கோ, எப்ப வருமோ. அவள அறிஞ்ச டாக்டரு தூத்துக்குடியிலதான் இருக்காரு. நான் ஓட்டுனா அது வாரதுக்குள்ள போய்ச் சேந்துருவோம்.”

“இல்ல அண்ணாச்சி, நான் சொல்லுதத…”

“என் வண்டி. நான் கொண்டுபோறேன்.”

மதினியைப் பின்சீட்டில் என் மேல் சாய்த்து நிமிர்த்தி உட்காரவைத்தோம். படுத்தால் மூச்சு நின்றுவிடும். முன்சீட்டில் ஏற வந்த தம்பியை, “நீ விசேசத்தப் பாரு,” என்று அண்ணாச்சி தள்ளிவிட்டார். முன்சீட்டில் யாரும் இல்லை. கரைந்து மிஞ்சியிருந்த மாத்திரையை மதினி வாயில் நானே போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது.

குளத்தூர்வரை பறந்தோம். ஏசி குளுகுளுவென்று வந்தது. அண்ணாச்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மதினியின் நாடி என் விரலுக்கடியில் தாறுமாறாக ஓடியது. ஆனாலும் இப்படியே போனால் சேர்ந்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

வேப்பலோடை தாண்டி உப்பளத்துக்கு நடுவில் வண்டிகள் நின்றிருந்தன. ஒரு சிறிய பாலத்தில் வேலை நடந்தது. ஒரு பக்கத்தை மறித்து, எதிர்வரிசையை விட்டுவிட்டு இந்த வரிசையை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் உப்பு லாரிகள். பின்னாலும் வண்டிகள் வந்து ஒட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் வெள்ளை வெயில். உப்பு அம்பாரங்களைப் பார்க்கக் கண் கூசியது. அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி, “சீக்குக்காரி இருக்கா, வழி விடுங்கய்யா,” என்று கத்தினார். லாரி நகர்ந்தால்தானே வழி?

மதினி தலையை உயர்த்தினார். ஏசியிலிருந்து வந்த காற்று அவர் முகத்தில்தான் பட்டுக்கொண்டிருந்தது. அது வெதுவெதுப்பாக மாறியிருந்தது. கையைத் தூக்கி முன்னால் காட்டினார்.

கண்ணாடியில் பார்த்த அண்ணாச்சி, “ஏசியக் கூட்டவா? இந்தா,” என்று முழுக்கத் திருகினார்.

மதினி இல்லை இல்லை என்று தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். தட்டிவிட்டார். என் தோளைப் பிடித்து உன்னி எழப் பார்த்தார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டினார். எட்டவில்லை.

“ஏளா, பேசாத! மூச்ச வீணாக்காத. சாஞ்சு இரி!” என்று அண்ணாச்சி அதட்டினார். அவர் கண்ணாடியில் மதினியைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். முள்ளைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் முள்ளைப் பார்க்கவில்லை.

காற்று சூடாகவே வர ஆரம்பித்தது. மதினியின் உதடு நீலம் பாய்ந்தது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள்தான், ஆனாலும் இவர் என் மதினி. அப்போது ஒரு தித்திப்பான கருகல் வாடை வந்தது. முன்மூடியின் ஓரங்களில் ஆவி சீறியது. எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுபோனது.

அண்ணாச்சி குதித்து இறங்கினார். மூடியைத் தூக்கினார். ஆவி அவரை மறைத்தது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் கத்தினேன்.

“அண்ணாச்சி, தொடாதீய! மூஞ்சியில அடிச்சிரும்! தொடாதீய!”

என் கத்தலில் அவர் கை நின்றது. மதினியின் நகம் என் புஜத்தில் இறங்கியது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“சுவிச்சு.”

அப்போதுதான் அவர் கை எங்கே போகப் பார்த்தது என்று புரிந்தது. நான் முன்னால் பாய்ந்து பார்த்தேன். ரேடியோவுக்குக் கீழே அந்தச் சுவிட்ச் அணைந்தே இருந்தது. தட்டினேன். திறந்த மூடிக்குள் ஃபேன் இரைந்து ஓடியது.

அண்ணாச்சி பின்வாங்கினார். சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு வந்தார். சுவிட்ச் மேல் இருந்த என் கையைப் பார்த்தார். காலியாகக் கிடந்த முன்சீட்டைப் பார்த்தார். பிறகு பின்னால் மதினியைப் பார்த்தார்.

எனக்கும் அந்த நொடியில் எல்லாம் வரிசையாக வந்தது. கொற்கைக்குப் போனது, ஆஸ்பத்திரிக்குப் போனது, கடைத்தெரு நெரிசலில் நின்றது. வண்டி மெதுவாகும்போதெல்லாம் ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டே மதினியின் விரல் ஒன்று ரேடியோவுக்குக் கீழே போய்வரும். நானும் பார்த்திருக்கிறேன். சும்மா துழாவுகிறார் என்று நினைத்திருக்கிறேன். அண்ணாச்சி ஒருநாளும் மறக்காததன் ரகசியம் அவ்வளவுதான். அவர் போட்டதே இல்லை.

ஆனால் அதை யோசிக்க நேரம் இல்லை. மதினியின் மூச்சில் களகளவென்று சத்தம் சேர்ந்துவிட்டது.

“கொஞ்சம் ஆறட்டும். தண்ணி ஊத்திட்டு நான் எடுத்துருதேன். இந்தா இப்ப எடுத்துருதேன்,” என்றார் அண்ணாச்சி. அவர் குரல் அவருடையதாக இல்லை.

“ஆறதுக்கு நேரம் இல்ல அண்ணாச்சி. நேரம் இல்ல!”

பின்னால் நின்ற லோடு வேன்காரர் இறங்கி வந்துவிட்டார். துறைமுகத்துக்குக் காலி மீன்பெட்டிகளைத் திரும்ப எடுத்துப்போகிற வண்டி. கார் கதவுக்குள் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

“அக்காவத் தூக்குங்க. என் வண்டியில முன்னால வைங்க. சிஸ்டர், நீங்க கூட ஏறுங்க. அண்ணாச்சி, முன்னால இடம் இல்ல. நீங்க பொறத்தால பெட்டிமேல ஏறிக்கிடுங்க.”

மதினியை நாங்கள் மூவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய் வேனில் வைத்தோம். நான் இடுக்கில் ஏறி அவரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தேன். அண்ணாச்சி கீழேயே நின்றார். காரைத் திரும்பிப் பார்த்தார். சாவி கையில் இருந்தது. யாரோ ஒருவர் ஓட்டுகிற வண்டியில், எங்கே திரும்புகிறது என்றுகூடத் தெரியாத இடத்தில் அவர் அதுவரை உட்கார்ந்திருப்பாரா என்று தெரியவில்லை.

“ஏறும்யா!” என்று வேன்காரர் கத்தினார்.

ஏறினார்.

வேன்காரர் வரிசையை விட்டு வண்டியை மண்ணில் இறக்கினார். சக்கரம் ஒருபக்கம் உப்பளத்து வரப்பில் சரிந்தது. பாலத்தில் கொடி காட்டி வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தவன் ஓடிவந்து மறித்தான். “ஏலே, உசுரு போவுது, எதிர்வண்டிய நிறுத்துலே!” என்று இவர் போட்ட சத்தத்தில் அவன் கொடியைத் திருப்பிப் பிடித்தான். பாலத்தைத் தாண்டினோம். தருவைக்குளத்துக்குப் பிரியும் ரோடு கடந்துபோனது. எனக்கு ரோடு தெரியவில்லை. மதினியின் கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினேன்.

“மதினி, என்னப் பாருங்க. கண்ணத் தொறங்க. இன்னும் கொஞ்சந்தான்.”

முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவில் ஒரு சிறு கண்ணாடி இருந்தது. தற்செயலாகத் திரும்பியபோது அதில் அண்ணாச்சியின் முகம் ஒட்டியிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் முட்டிபோட்டு, இரண்டு கையையும் கண்ணாடியில் அப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன், இருக்கிறார், இருக்கிறார் என்று. வழியெல்லாம் அதையேதான் செய்தேன்.

போய்ச் சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சர் வந்தது, ஆக்சிஜன் வந்தது, ஊசி ஏறியது. நீர் பிரிய ஆரம்பித்தது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, கண்டம் தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். அண்ணாச்சி டாக்டரைக் கும்பிட்டார். வேன்காரரைக் கும்பிடலாம் என்று தேடியபோது அவர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மதினி ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

“அவுக எங்க?”

“வெளிய இருக்காவ.”

“சுவிச்சப் பத்தி எதுவும் கேட்டாவளா?”

“இன்னும் கேக்கல.”

“கேட்டாவன்னா,” என்று மூச்சு எடுத்துக்கொண்டார், “எப்பவும் அவுகதான் போடுவாவ, இன்னைக்குப் பதட்டத்துல மறந்துட்டாவன்னு சொல்லு. சரியா?”

“ஏன் மதினி?”

“சொல்லு. இல்லன்னா அந்த மனுசன் ஒறங்க மாட்டாரு.”

செத்துப் பிழைத்த உடம்போடு அந்த மனுஷி கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. சரி என்றேன்.

வெளியே பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க மீன்செதில். பக்கத்தில் உட்கார்ந்தேன். மதினி நன்றாகப் பேசுகிறார், நாளைக்கு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்றேன். தலையாட்டினார்.

“தங்கச்சி, அந்தச் சுவிச்சு.”

“நீங்கதான எப்பவும் போடுவீய. இன்னைக்குப் பதட்டம். யாருன்னாலும் மறந்துதான் போவாவ அண்ணாச்சி.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் சொல்லி அனுப்பிய பேச்சு இது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வையில் எனக்கும் அது தெரிந்தது.

“யோசிச்சுப் பாக்கேன். அதப் போட்ட மாதிரி ஒரு நாளுகூட ஞாபகத்துல இல்ல. முள்ளு சரியா இருக்கும். நாமதான் போட்டிருப்போம்னு நெனச்சுக்கிடுவேன்.” சட்டையிலிருந்த செதில் ஒன்றைக் கிள்ளி எடுத்தார். “மாத்திரையும் அப்படித்தான். அவ முழுங்குனதா நெனச்சேன்.”

அவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

“நீ மறுபடி உள்ள போவேல்லா?”

“போவேன் அண்ணாச்சி.”

“போனா அவகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வா.” நுனி போன விரலைத் தடவிக்கொண்டார். “எனக்குத் தெரியாம இன்னும் என்னென்னத்த அவ பாத்துக்கிட்டு இருக்கான்னு கேளு. ஒண்ணு விடாமச் சொல்லச் சொல்லு. பயமா இருக்கு தங்கச்சி. எனக்கு ஒண்ணுமே தெரியாது.”